ஓரெழுத்து மாறினால்

முன்பு நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றின் விடுதியில், உணவுக்கூட வாயிலில் ஒருநாள் காலை ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்தவை மூன்றே சொற்கள்: 'பார்த்தால் பசி தீரும்'. 1962ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தின் பெயர் அது. ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஒட்டிய இடம் ஒன்றே மாறியிருந்தது. அன்றைய சாம்பாரைப் பார்த்தவர்களுக்குப் பசி தீர்ந்துதான் போயிற்று. மறுநாள் அதே இடத்தில் இன்னொரு தாள்: 'கசந்த மாளிகை'. 1972இல் வந்த 'வசந்த மாளிகை' ஓரெழுத்து மாற்றத்தில் எங்கள் விடுதியாகிவிட்டது. காப்பாளர் சினந்து தாளைக் கிழித்தெறிந்தார். கிழிந்த துண்டுகளை எடுத்து நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லூரி மலரில் திரைப்படப் பெயர்களா எனப் பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். திரையரங்கின் வாயிலை மிதிக்கலாகாது எனக் கண்டித்து வளர்க்கப்பட்டவன்தான் நானும். இக்கட்டுரையில் வரும் படங்களுள் பலவற்றை இன்றளவும் பார்த்ததில்லை. ஆயினும் பெயர்கள் அத்தனையும் மனப்பாடம். பள்ளிக்குச் செல்லும் வழியெங்கும் சுவரொட்டிகள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதே அவற்றைப் பார்த்துத்தான். படம் பார்த்தவர்க்கும் பாராதவர்க்கும் அதன் பெயர் பொதுவுடைமை. ஊரார் அனைவர்க்கும் தெரிந்த தொடர் ஒன்று இருந்தாலன்றோ அதைத் திரிக்கவும் இயலும், திரித்ததைக் கேட்டுச் சிரிக்கவும் இயலும்! ஒரு காலத்தில் பழமொழிகள் செய்துவந்த அவ்வேலையைப் படப்பெயர்கள் ஏற்றுக்கொண்டன.

இத்திரிப்பு எளிய செயலன்று. 'திருவிளையாடல்' (1965) இகரம் எகரமாகித் 'தெருவிளையாடல்' ஆனவுடன் வீதியில் மட்டைப்பந்து ஆடும் சிறுவர் கூட்டம் கண்முன் வந்து நிற்கிறது. காய்ச்சல் காலத்தில் விடுதி அறைக் கதவொன்றில் 'அபூர்வ ரோகங்கள்' என்று எழுதியிருந்தார்கள். 1975இல் வந்த படத்தின் ராகங்கள் நோயாகிவிட்டன. நள்ளிரவில் பாடிப் பழகும் பக்கத்து அறைக்காரனுக்கு 'ஒரு தலைவலி ராகம்'. எழுத்தைக் கூட்டிப் பிறிதொரு பொருள் காண்பதை எழுத்து வருத்தனம் என்றும், எழுத்தைக் குறைத்துக் காண்பதை அக்கரச் சுதகம் என்றும் நம் முன்னோர் சித்திரகவியில் வகுத்துவைத்தனர். தண்டியலங்காரத்தைத் தொட்டே பாராத மாணவன் ஒருவன் அவ்வித்தையைக் கரித்துண்டால் கதவில் எழுதுகிறான். வசந்த, கசந்த என்னுமிடத்து இரண்டாம் எழுத்தை அவன் அசைக்கவில்லை; எதுகை கெட்டால் சிரிப்பும் கெடும் என்பதை அவன் செவி அறிந்திருக்கிறது. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), வேலையின்றித் திரியும் பட்டதாரியாகி 'ஊரைச் சுற்றும் வாலிபன்' ஆகும்போது உகரத்துக்கு ஊகாரம் மோனையாக வந்து நிற்கிறது. இதற்கு மாறாக, 'காதலிக்க நேரமில்லை' (1964) என்பதைப் 'படிக்க நேரமில்லை' என்று மாற்றியவனுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். ஓசையும் போயிற்று, பொருளிலும் புதுமை இல்லை.

இடையே ஒரு வருத்தம். அந்நாளையப் பெயர்கள் முழுத் தொடர்களாக இருந்தன. 2023இல் வந்த 'ஜெயிலர்', 'லியோ' போன்ற பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு மாணவன் எதைத் திரிப்பான்? மாவு இல்லாமல் அடை சுடச் சொல்வது போலாகும் அது.

இக்கலையின் உச்சத்தைக் காண விரும்புவோர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனிடம் செல்ல வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தமிழ்நாடெங்கும் பரவியிருந்தது. தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்' படமும் 1942இல் வந்திருந்தது. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் செய்தது 'கிந்தனார்' காலட்சேபம். நந்தனார் கிந்தனார் ஆனார்; எதுகை அப்படியே நின்றது. தில்லையைக் காண ஏங்கியவர் அவர். கல்வியைக் காண ஏங்கியவர் இவர். மக்கள் சிரித்தார்கள். அச்சிரிப்பு நந்தனாரை நோக்கியதன்று, கிந்தனாரை நோக்கியதுமன்று. பிறப்பைக் காட்டி ஒருவனுக்குக் கல்வியின் கதவை அடைத்தவர்களை நோக்கியது. ஓரெழுத்தை மாற்றி அவ்வளவு தொலைவு செல்ல முடிந்தது.

வேறொரு திசையிலும் செல்ல முடியும். அதை நான் அறிந்த விதம் வேறு.

அக்கல்லூரியில் ஆண்டுதோறும் பிரிவு உபசார விழாவில், இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு படப்பெயரைத் திரித்துப் பட்டமாகச் சூட்டுவது வழக்கம். பட்டியலை முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் அளிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஓராண்டு அப்பட்டியலில் ஒருவன் பெயருக்கு எதிரே 'கடன் வாங்கிக் கல்லூரி' என்று இருந்தது. 1958இல் வந்த 'கடன் வாங்கிக் கல்யாணம்'. 'கல்' என்னும் அசை நிலைபெற, எஞ்சியது மட்டும் மாறியிருந்த நயத்தை நான் வியந்தேன். அவன் தந்தை சந்தையில் மூட்டை சுமப்பவர் என்பதும், தேர்வுக் கட்டணத்துக்காகக் கடைசி நாள் வரை அவன் அலைந்தான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் சிவப்பு மையால் குறியிட்டேன்.

விழாவில் அரங்கம் அதிர்ந்தது. அவனும் சிரித்தான். பிறகு எடுத்த குழுப் புகைப்படத்தில் அவன் இல்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கவும் அவன் வரவில்லை, தந்தை வந்தார். "பையனை நல்லபடியாப் படிக்க வச்சுக் கொடுத்தீங்க, சார்" என்று கைகூப்பினார். நான் ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன்.

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைக் கூறினார். உரைகண்ட பேராசிரியர் இவை தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என இரண்டாகப் பகுத்தார். வகுப்பில் பன்முறை நடத்திய பாடம் இது. அப்பகுப்பு எதற்கென்று விளங்கியது அம்மனிதர் படியிறங்கிச் சென்ற பிறகே. 'கடன் வாங்கிக் கல்லூரி' என்று அம்மாணவனே தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தால் அது நகைச்சுவை. அலுவலகத்தின் கட்டண அறிவிப்புப் பலகைக்குக் கீழே யாரேனும் ஒட்டியிருந்தால் அது தரமான அங்கதம். நிர்வாகமும் சற்று நாணியிருக்கும். பிறர் அதை அவன் நெற்றியில் ஒட்டினர், ஒட்ட நான் ஒப்பினேன். எழுத்து ஒன்றேதான், எதுகை மோனை ஒன்றேதான்.

நிகழ்ந்ததைச் சொன்னபோது ஆசிரிய நண்பர் சிலர், இவ்வழக்கத்தையே நிறுத்திவிடலாம் என்றனர். நான் உடன்படவில்லை. மாணவன் தானாக விரும்பித் தமிழோடு விளையாடும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றையும் பூட்டிவிட்டு, சிலேடையைப் பாடநூலில் மட்டும் படி என்று சொல்ல எனக்கு மனமில்லை. அடுத்த ஆண்டு மாணவர்களை அழைத்து ஒரே ஒரு விதி சொன்னேன்: உங்களுள் எவர்க்கும் பட்டம் வேண்டா, ஆசிரியர்க்கும் கட்டடங்களுக்கும் சூட்டுங்கள்.

அவர்கள் இரண்டு நாளில் பட்டியலோடு வந்தார்கள். எப்போதும் மூடிக்கிடந்த நூலகத்துக்குத் 'திறக்காத பூட்டுகள்'. 1980இல் வந்த 'பூட்டாத பூட்டுகள்' தலைகீழாகியிருந்தது. விடுதிக் குளியலறைக்கு எம்மாற்றமும் இன்றித் 'தண்ணீர் தண்ணீர்' (1981). பட்டியலின் நடுவில் என் பெயர். எதிரே, அதே 1981இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' திரிந்து, 'உரைகள் ஓய்வதில்லை' என்று இருந்தது.

ஆராய்ந்து பார்த்தேன். லகரம் போய் ரகரம் வந்திருக்கிறது. இடையின எதுகை பழுதின்றி நிற்கிறது. உரை என்பது வகுப்பில் ஆற்றும் உரையையும் நூலுக்கு எழுதிய உரையையும் ஒருங்கே சுட்டும் சிலேடை. மணியடித்த பின்னும் கால்மணி நேரம் பாடம் நடத்துபவன் நான் என்பது கல்லூரி முழுவதும் அறிந்த செய்தி. குறை சொல்ல இடமில்லை. சிவப்பு மையால் குறியிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அன்றுமுதல் மணியடித்ததும் நூலை மூடிவிடுகிறேன், பெரும்பாலான நாள்களில்.