வினாடி எழுதும் கட்டம்

2019-ஆம் ஆண்டில் இருபதாண்டுத் தவணையில் வீட்டுக் கடன் பெற்ற அன்பர்கள் நம்முள் சிலர் இருக்கக்கூடும். அக்கடனின் இறுதித் தவணை 2039-இல் விழுகிறது. அந்த ஆண்டை எண்ணவே இயலாத கணிப்பொறிகள் உலகில் இன்னும் உள்ளன என்றால் வியப்பாயிருக்கும்.

கணிப்பொறி நம்மைப் போல் நாளும் மணியும் எழுதிவைப்பதில்லை. யூனிக்ஸ் வழிவந்த இயக்க முறைகள் 1970 ஜனவரி 1-ஆம் நாள் கிரீன்விச் நள்ளிரவு முதற்கொண்டு கழிந்த வினாடிகளை எண்ணி, அந்த ஓர் எண்ணையே காலமெனக் கொள்கின்றன. அதனை எழுத நெடுங்காலம் விட்டிருந்த கட்டம் 32 பிட் அகலமே. அதில் அடங்கும் பேரெண் 2,14,74,83,647. நம் நாட்டு நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அக்கட்டம் நிரம்பிவிடும். அடுத்த வினாடியில் பொறி, கிரீன்விச் நேரப்படி இன்று 1901 டிசம்பர் 13 என்று சாதிக்கும்! இருபதாண்டுத் தவணையை முன்கூட்டிக் கணக்கிடும் நிரலோ, அந்நாள்வரை காத்திராமல் இன்றே தடுமாறும்.

கட்டத்தை 64 பிட்டாக்கினால் ஏறத்தாழ 29,200 கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. அகலமாக்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். பேரேட்டில் தேதிப் பத்தியை அகலப்படுத்தினால், பக்கத்திலுள்ள தொகைப் பத்தி தள்ளிப்போகுமன்றோ? பழைய கோட்டை நம்பிப் படிக்கும் கணக்கர், தேதியின் வாலைத் தொகையென்று கூட்டிவிடுவார். இயக்க முறையும் அதன்மேல் ஓடும் நிரல்களும் எந்த இடத்தில் எது இருக்கும் என்னும் இத்தகைய உடன்பாட்டின் பேரிலேயே பேசிக்கொள்கின்றன. ஒரு தரப்பு மட்டும் மாறினால், எச்சரிக்கை ஏதுமின்றியே பிழை புகுந்துவிடும்.

ஓபன்பிஎஸ்டி என்னும் இயக்க முறையை ஆக்குவோர், 2014 மே மாதம் வெளிவந்த 5.5 பதிப்பில் ஒரே வீச்சாக மாற்றிவிட்டனர். பழைய நிரல்கள் ஓடமாட்டா, யாவற்றையும் புதிதாகத் தொகுத்துக்கொள்ளுங்கள் என்றனர். மூலநிரல் கையிலிருந்தமையால் அத்துணிவு செல்லுபடியாயிற்று. லினக்ஸுக்கு அவ்வாறு செய்ய மனமில்லை. எவரெவரோ எழுதிய பழைய நிரல்கள் அதனை நம்பி இருந்தன. ஆகவே பழைய வாயிலை அடைக்காமல், அதன் பக்கத்திலேயே 2019-இல் 5.1 பதிப்பில் புதிய வாயில்களைத் திறந்தது. 2020-இல் 5.6 பதிப்பில்தான் அப்பணி பெரும்பாலும் நிறைவெய்தியது.

லினக்ஸின் மேல் கட்டப்பட்ட டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் ஆர்ம் பொறிகளை மாற்றிவிட்டது. பழைய இன்டெல் வகையான 32 பிட் பிரிவை மட்டும் தொடவில்லை. மூலநிரல் கிடையாத பழைய நிரல்களை ஓட்டுவதற்கே இன்று அது பெரிதும் வேண்டியிருக்கிறது. மாற்றினால் அந்தப் பயனே போய்விடும். இதனைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று நம் வீட்டில் புழங்கும் புதிய மடிக்கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பெரும்பாலும் அச்சமில்லை. அவை 64 பிட் பொறிகள். சுவரிலும் ஆலையிலும் பதித்துவிட்டு, நிரலைப் புதுப்பிக்க எவரும் திரும்பி வராத சிறு பொறிகளே மிச்சம். அவற்றுக்கு 2038 ஜனவரி வரை தவணை இருக்கிறது.