பையில் ஒரு கிலோ தண்ணீர்

ஒசூர் சிப்காட்டில் ஒரு தொழிலாளி எவ்வளவு எடை தூக்கலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. உடலுக்குக் கேடு வரும் அளவுக்குக் கனமான சுமையைத் தூக்க யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு சொன்னது. ஆண், பெண், வளரிளம் பருவத்தினர் என்று தனித்தனியாக உச்ச எடையை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் மாநில அரசுக்குக் கொடுத்தது. மீறினால் ஆய்வாளர் வருவார், வழக்கு வரும். அதே தொழிலாளியின் மகள் காவேரிப்பட்டினத்தில் ஆறாம் வகுப்புக்குச் சுமந்து போகும் பைக்கு இருப்பதெல்லாம் சுற்றறிக்கைதான்.

சுற்றறிக்கைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் தன் முதல் பேச்சையே புத்தகப் பையைப் பற்றித்தான் பேசினார். பிறகு இந்தச் சுமையைப் பற்றி ஆராய யஷ்பால் குழு வந்தது. 1993இல் அறிக்கை தந்தது. பையின் கனத்தைவிடப் புரியாமல் படிப்பதுதான் பெரிய சுமை என்றது அந்தக் குழு. சரியான பேச்சுதான். ஆனால் அன்றிலிருந்து பையைப் பற்றி யார் வாயெடுத்தாலும் பேச்சு பாடத்திட்டத்துக்குத் தாவிவிடுகிறது; பை முதுகிலேயே இருக்கிறது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் பையின் எடையைக் குறைக்கச் சொல்லிக் கண்டிப்பான உத்தரவு போட்டார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு வகுப்புவாரியாக எடையை அறிவித்தது. 2020இல் தனிக் கொள்கையே வந்தது: குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது, ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ, ஆறு, ஏழாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ.

பையின் கேட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துவதும் உண்டு. கூன் விழும், முதுகெலும்பு கோணிக்கொள்ளும், பிள்ளை வளராது என்பார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் பையால் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. 2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 69 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், பைதான் பிள்ளைகளின் முதுகுவலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது என்றார்கள். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2010இல் அமெரிக்காவில் எட்டுப் பிள்ளைகளை 4, 8, 12 கிலோ பையோடு நிற்க வைத்தே எம்ஆர்ஐ எடுத்தார்கள். எடை ஏற ஏற இடுப்புப் பகுதி முதுகெலும்பு வட்டுகள் அமுங்கின, வலியும் கூடியது. எட்டே பேர் என்பதால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் நாற்பது வயதில் என்ன ஆகும் என்ற ஆரூடத்தை விட்டுவிடலாம். இன்றைக்கு வலிக்கிறதே, அது போதாதா? கனம் பின்னால் இழுக்கும்போது பிள்ளை விழாமல் இருக்க இடுப்பிலிருந்து முன்னால் சாய்கிறாள். தலை இன்னும் முன்னே நீள்கிறது. பையைச் சுமக்கும் நேரம் முழுக்கக் கழுத்துத் தசை அந்தத் தலையைத் தாங்குகிறது. வார் மெல்லியதாக இருந்தால் தோளில் வெட்டுகிறது. அங்கே ஓடும் நரம்பு அழுந்தினால் கை மரத்துப் போகிறது. ஒரே தோளில் மாட்டினால் உடம்பு ஒரு பக்கம் ஒடிகிறது. மாங்காய் மண்டியில் கிரேட் தூக்கும் அப்பா, “நாங்க தூக்காத சுமையா?” என்பார். அவருடைய எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டது. அவருக்குக் கூலியும் உண்டு.

சரி, பைக்குள் என்னதான் இருக்கிறது? தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது ஓராண்டுப் புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. பாடநூலின் கனம் உண்மையிலேயே குறைந்தது.  கனம் இப்போது நோட்டில் இருக்கிறது. 192 பக்க நோட்டு ஒன்று கிட்டத்தட்டக் கால் கிலோ. பாடத்துக்கு கிளாஸ் ஒர்க் ஒன்று, ஹோம் ஒர்க் ஒன்று என்று கேட்கும் தனியார் பள்ளியில் ஐந்து பாடத்துக்குப் பத்து நோட்டு, இரண்டரைக் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. ஒரு பாடப் புத்தகம்கூட வைக்காமலே ஆறாம் வகுப்பின் வரம்பு தாண்டிவிட்டது. அதற்கப்புறம்தான் கைடு, ஜாமெட்ரி பாக்ஸ், எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அந்தத் தண்ணீரைப் பற்றி இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தனியாகவே பேச வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்; முற்றினால் அதே புளோரைடு முதுகையும் மூட்டையும் இறுக்கிவிடும். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் ஊருக்கு வந்துவிட்டாலும், பள்ளிக் குழாயில் வருவது காவிரியா போர் தண்ணீரா என்று தெரியாத அம்மா, வீட்டிலிருந்தே பாட்டிலை நிரப்பித்தான் அனுப்புவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எலும்பைக் காப்பாற்றக் கொடுத்தனுப்பும் தண்ணீரே முதுகுக்குச் சுமையாவது இந்த மாவட்டத்துக்கே வாய்த்த கொடுமை. நம்பிக் குடிக்கக்கூடிய ஒரு குழாயைப் பள்ளி கொடுத்தால் ஒவ்வொரு பிள்ளையின் முதுகிலிருந்தும் ஒரு கிலோ இறங்கும். இதற்குப் பாடத்திட்டக் குழு எதுவும் தேவையில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சத்துணவும், தொடக்க வகுப்புகளில் காலை உணவும் பள்ளியிலேயே கிடைப்பதால் டிபன் பாக்ஸ் இல்லை, நோட்டும் குறைவு, பை லேசுதான். வேன் வைத்துக் கூட்டிப்போகும் பள்ளிகளில்தான் கனம். பணம் கட்டிக் கூடுதல் சுமை வாங்குகிறோம் என்று பெற்றோருக்குத் தோன்றுவதே இல்லை. பை பெருத்திருந்தால் படிப்பும் பெருத்திருக்கும் என்ற எண்ணம். ஆனால் எடையைப் போலவே, எவ்வளவு நேரம் சுமக்கிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். பள்ளி விடும் நேரத்து டவுன் பஸ்ஸைப் பாருங்கள். பஸ் பாஸ் பிள்ளைகள் படிவரை நெருக்கி நிற்பார்கள். பையைக் கழற்ற இடமிருக்காது. உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர், “குடு கண்ணு, மடியில வெச்சிக்கிறேன்” என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று பையை அடுக்கிக்கொள்வார். மற்ற பிள்ளைகள் ஊர் வரும்வரை சுமந்தபடியே நிற்பார்கள். லேசான பையும் அரை மணி நேரத்தில் கனக்கும்.

எல்லைக்கு அப்பால் கர்நாடகம் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைப் பையில்லா நாளாக அறிவித்திருக்கிறது. நல்லதுதான்; ஆனாலும் மற்ற நாட்களில் என்ன என்ற கேள்வி நிற்கிறது. எனக்கு இதைவிடச் சாதாரணமான ஏற்பாடுகள்தான் முக்கியமாகப் படுகின்றன: கிளாஸ் ஒர்க் நோட்டு வகுப்பு அலமாரியிலேயே இருக்கட்டும். மறுநாள் கால அட்டவணையில் இல்லாத பாடம் வீட்டிலேயே கிடக்கட்டும். 192 பக்கத்துக்குப் பதில் 80 பக்க நோட்டு போதும் என்று தலைமை ஆசிரியர் ஜூன் மாதமே சொல்லட்டும்.

பள்ளிகளில் எடை இயந்திரம் வேண்டும் என்று 2020 கொள்கையே சொல்கிறது. மண்டிக்கு மண்டி தராசு இருக்கும் ஊர் இது. பள்ளி திறக்கும் வாரத்தில் பிள்ளையை ஒருமுறையும் பையை ஒருமுறையும் நிறுத்து, இரண்டு எடையையும் பள்ளி டைரியின் முதல் பக்கத்தில் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லலாம்.