ஒரு தடவை இறக்கினால் போதாதா?



எங்கள் பாடசாலைப் பழைய கம்ப்யூட்டர்களில் உபுண்டுதான் ஓடுகிறது. அதில் மென்பொருள்களை இறக்கிப் போட்டுத் தருவது 'ஆப்ட்'. 300 எம்.பி. மென்பொருளை 20 கம்ப்யூட்டருக்குப் போட்டால் 6 ஜி.பி. தீரும். தோட்டத்துப் பெற்றோரும் சேர்ந்து ரீலோட் போட்ட டேட்டா அது! போட்டு முடிந்ததும் இறக்கிய கோப்பை ஆப்ட் அழித்தும்விடுகிறது.

பக்கத்துக் கம்ப்யூட்டரிடம் கேட்டு எடுக்கும் வசதி அதிலேயே வேண்டும். விண்டோஸ் 10 தன் அப்டேட்டுகளை அப்படிப் பகிர்கிறதே. 'ஆப்ட் கேஷர்' என்று தனியாக ஒன்று உண்டுதான். அமைக்கத் தெரிந்த சேருக்கு இடமாற்றம் வந்தால் அதோடு சரி.

ஆப்டை உருவாக்கும் டெபியன்காரர்களுக்கு யாரும் மின்னஞ்சலில் கோரிக்கை அனுப்பலாம், காசில்லை. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளே, அதை ஆங்கிலத்தில் எழுத எங்களோடு உட்காருவீர்களா? வருகிற ஞாயிறு வசதியா?