அரிசி ஆலையில் ரொக்கத்தின் காலக்கணக்கு

சிறுதொழில் முனைவோருக்கு நிதி அறிவு போதவில்லை என்ற குறை வங்கியாளர் கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. எனினும் எந்தத் தொழிலில், எந்தக் கட்டத்தில், எந்தக் கணக்குத் தவறுகிறது என்று பிரித்துப் பார்க்கும் முயற்சி அரிதாகவே நடக்கிறது. அத்தகைய ஆய்வுக்குத் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, திருவரங்கத்தையும் கொள்ளிடத்தையும் கடந்தவுடன் வரும் மண்ணச்சநல்லூர் மிகப் பொருத்தமான களம். பொன்னி அரிசிக்குப் பெயர் பெற்ற இவ்வூரின் அரவை ஆலைகளில் அவியல் கலன், உலர்த்தி, சார்டெக்ஸ் என்று வழக்கில் சொல்லப்படும் வண்ணம் பிரிக்கும் இயந்திரம் என எல்லாம் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்பட்டுள்ளன. பணத்தைக் கணிக்கும் முறை அதே வேகத்தில் வளரவில்லை என்பதே இவ்வுரையின் கவலை.

இவ்வாலைகளை நடத்துவோரின் திறமையில் ஐயமில்லை. நெல்மணியைப் பல்லில் கடித்து ஈரப்பதத்தையும், உள்ளங்கையில் தேய்த்துப் பதரையும் அரிசியின் முறிவையும் மதிப்பிடும் அவர்களுடைய கை, ஈரமானியோடு போட்டியிடத் தக்கது. இதைப் பிறவி ஞானம் என்று கொள்வது பிழை. லாரியில் வந்த நெல்லைப் பற்றிய மதிப்பீடு சில நாட்களிலேயே அரவையில் சோதிக்கப்படுகிறது. நூறு கிலோ நெல்லுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு குருணை, எவ்வளவு தவிடு என்று விடை உடனுக்குடன் கிடைக்கிறது. அரசுக் கொள்முதல் நெல்லை அரைத்துத் தரும் ஆலைகளுக்குப் புழுங்கலரிசிக்கு 68 விழுக்காடும் பச்சரிசிக்கு 67 விழுக்காடும் மத்திய அரசு விதித்துள்ள அளவு என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலும் இருக்கிறது. நம்பத்தகுந்த உள்ளுணர்வு ஒழுங்குள்ள சூழலிலும், தீர்ப்பின் விளைவு விரைவாகத் தெரியும் இடத்திலும்தான் உருவாகிறது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009ஆம் ஆண்டில் இணைந்து எழுதிய கட்டுரையில் வந்தடைந்த முடிவுக்கு நெல் மதிப்பீடு நல்ல சான்று.

பணத்தைப் பற்றிய தீர்ப்புகளுக்கு இந்த வசதி இல்லை. பழைய அரிசிக்கு விலை கூடுதல் என்பதால் இருப்பு வைத்து விற்பது இத்தொழிலின் இயல்பான வழக்கம்; அதன் விளைவோ பல மாதம் கழித்து, வேறு பல வரவு செலவுகளோடு கலந்து வருகிறது. எடுத்துக்காட்டாக, கிலோ 50 ரூபாய் அடக்கமுள்ள அரிசியை ஒன்பது மாதம் வைத்திருந்து 54 ரூபாய்க்கு விற்கும் ஆலை கிலோவுக்கு 4 ரூபாய் இலாபம் பார்த்ததாகவே கருதும். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி என்று கொண்டால் ஒன்பது மாத வட்டி மட்டும் 3 ரூபாய் 75 காசு. காய்ந்து குறையும் எடை ஒரு விழுக்காடு என்றால் 50 காசு. கிடங்கு, காப்பீடு, பூச்சித் தடுப்பு ஆகியவற்றுக்கு 75 காசு சேர்த்தால் அடக்கம் 55 ரூபாயைத் தொடுகிறது. இலாபம் என்று எண்ணியது ஒரு ரூபாய் இழப்பு. சொந்தக் கிடங்கு, சொந்தப் பணம் என்பதால் வாடகையும் வட்டியும் இல்லை என்ற வாதம் அடிக்கடி எழுகிறது; அந்தப் பணம் வேறிடத்தில் ஈட்டியிருக்கக் கூடியதைக் கைவிட்டதும் செலவே என்பதைக் கணக்காளர்கள் இன்னும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

ரொக்கக் கடன், அதாவது இருப்பையும் வரவேண்டிய தொகையையும் ஈடாகக் கொண்டு வங்கி அனுமதிக்கும் சிசி கணக்கு, இந்த மயக்கத்தை மேலும் கூட்டுகிறது. மாதந்தோறும் தரப்படும் இருப்பு அறிக்கையின்படி, விலை கொடுத்து முடித்த சரக்கின் மதிப்பிலிருந்து வங்கி நிர்ணயித்த விளிம்புத்தொகையைக் கழித்த அளவுக்கே பணம் எடுக்க இயலும். பழைய நிலுவைகளை வங்கி பொதுவாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. விலை இறங்கும்போது இருப்பின் மதிப்பும் எடுக்கும் வரம்பும் சேர்ந்தே சுருங்குவதால், பணம் மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் வழி அடைபடுகிறது. வரம்பை மீறிய நிலை தொடர்ந்து 90 நாட்கள் நீடித்தால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படுகிறது. ஆகவே இருப்பு அறிக்கையை வங்கிக்காக நிரப்பும் படிவமாக விட்டுவிடுவது பெருங்குறை. ஆலையின் பணநிலையை மாதம் ஒருமுறை காட்டும் மிகச் சிறந்த ஆவணம் அதுவே.

விலையோ ஆலையின் கையில் இல்லை. 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அடுத்த மாதம் 25ஆம் நாள் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. 2024 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரண்டும் விலக்கப்பட்டன. ஏறத்தாழப் பதினைந்து மாதத்தில் இருமுறை திசை மாறிய சந்தையில், முழு இருப்பையும் ஒரே எதிர்பார்ப்பின்மேல் வைத்திருப்பது துணிவாகாது. ஒற்றைச் சார்பின் விலையை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை: பெல் நிறுவனத்தின் ஆணைகளையே நம்பி வளர்ந்த துவாக்குடிப் பகுதியின் உலோகக் கட்டுமானச் சிறுதொழில்கள், ஆணைகள் சுருங்கியபோது பட்ட பாட்டை இவ்வட்டாரத்தின் வங்கி அலுவலர் அனைவரும் அறிவர்.

சட்டம் தரும் பாதுகாப்பும் அரைகுறையாகவே பயன்படுகிறது. உதயம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களிலும் இல்லாவிட்டால் 15 நாட்களிலும் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால், செலுத்தும் வரை அச்செலவை வருமானத்தில் கழிக்க முடியாது என்று 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியிலும் பிடி சேர்த்தது. வாடிக்கையாளரை இழக்கும் அச்சத்தால் இதைச் சுட்டிக்காட்டத் தயங்கும் ஆலை, ஒவ்வொரு மண்டிக்கும் எத்தனை நாள் கடன், அதற்கு எவ்வளவு வட்டி என்று எழுதிவைத்தாலாவது, எந்த வாடிக்கையாளர் உண்மையில் இலாபம் தருகிறார் என்பது தெரியவரும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு 5 விழுக்காடு சரக்கு சேவை வரி வந்ததும் 26 கிலோ சிப்பத்துக்கு மாறியவர்களில், சாக்குக்கும் இயந்திர உதிரிகளுக்கும் கட்டிய வரியைத் திரும்ப ஈடுசெய்யும் உரிமை வரிவிலக்குள்ள விற்பனைக்குக் கிடையாது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி இதே வகையைச் சார்ந்தது.

மார்ச் மாத முடிவை மாதங்கள் கழித்து ஐந்தொகையாகக் கையில் கொடுக்கும் இன்றைய நடைமுறை வரித்துறைக்குப் போதுமானது. முனைவோரின் கணிப்பைத் திருத்த அது உதவாது. ஒவ்வொரு பெரிய கொள்முதலின்போதும் எதிர்பார்க்கும் விற்பனை விலை, விற்கும் மாதம், அதுவரையிலான வட்டி ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுதச் செய்து, விற்றபின் உண்மை எண்ணை அருகில் பதியச் செய்வதே ஆலோசகர்கள் செய்யத்தக்க முதல் உதவி. நினைவு தன் பழைய கணிப்பை முடிவுக்கேற்ப மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. எழுத்து அதற்கு இடம் தராது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், நாற்பது பக்கக் குறிப்பேடு போதும். சம்பா நெல் வரத்துத் தொடங்கும் தை மாதத்துக்கு முன் ஆலைக்கு ஒரு குறிப்பேடாகத் திறந்துவைத்தால், குறுவை நெல் களத்துக்கு வரும் முன்பே முதல் ஒப்பீடுகளை ஆலை உரிமையாளரோடு அமர்ந்து பார்க்க இயலும்.