கிணற்றுக்கு எல்லை வகுத்த மார்க்கமும் எல்லையற்றுப் போன எண்ணூர்க் கழிமுகமும்

 

சென்னைப் பெருநகருக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாரிப்பில் உள்ளது. 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் திட்டம் 2026ஐ இலக்காண்டாகக் கொண்டது. எங்கே வீடுகள் எழலாம், எங்கே ஆலைகள் அமையலாம், எந்த நீர்நிலை நீர்நிலையாகவே நீடிக்க வேண்டும் என்பதை நம் பிள்ளைகளின் காலத்திற்கும் சேர்த்துத் தீர்மானிக்கப் போகும் ஆவணம் இது. ஆயினும் நம் இல்லங்களிலும் மஹல்லாக்களிலும் இதைப் பற்றிய பேச்சைக் காண்பது அரிதாகவே உள்ளது. நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: ஒரு துறைமுக நகரின் திட்டத்தில் ஆறும் கழிமுகமும் கடற்கரையும் முதலில் எல்லையிடப்பட வேண்டும், அதன் பின்னரே தொழிலுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். இன்றைய நடைமுறையோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

ஒரு சுவர் தந்ததும் எடுத்ததும்

நம் கிழக்குக் கடற்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டபோது, அந்த மணல் தெற்கே தேங்கியது. மாலை வேளைகளில் நாம் குடும்பத்துடன் காற்று வாங்கும் மெரினாவின் அகன்ற மணற்பரப்பு அவ்வாறு உருவானதேயாகும். வடக்கே மணல் வரத்து தடைப்பட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. பாறைகளைக் கொட்டித்தான் சாலையையும் வீடுகளையும் காக்க வேண்டியதாயிற்று. ஒரே சுவர் தென்கரைக்குக் கொடையாகவும் வடகரைக்கு இழப்பாகவும் அமைந்தது.

இந்த மணற்கணக்கு பழைய கதையன்று. எண்ணூருக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டுள்ளது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அதில் அடங்கும். அதற்கும் வடக்கே, ஒரு குறுகிய மணல்திட்டு மட்டுமே கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கும் பழவேற்காடு ஏரி இருக்கிறது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. மீனவக் குப்பங்களும், பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்துவரும் நம் சமுதாயக் குடும்பங்களும் அந்த ஏரியை நம்பியே இருக்கின்றன. அந்த மணல்திட்டு கரைந்தால் என்னவாகும் என்ற அவர்களின் அச்சத்தை வளர்ச்சிக்கு எதிரான பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்ற கப்பல் உவமையை நம்மில் பலர் அறிவோம். கீழ்த்தளத்தில் இருப்போர் தண்ணீருக்காக மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவதைத் தவிர்க்கத் தம் பகுதியிலேயே துளையிட எண்ணுகின்றனர். மேலிருப்போர் அவர்களின் கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நம் நகரில் ஒரு வேறுபாடு உண்டு. கீழ்த்தளத்தில் துளையிடுவோர் அங்கே வாழ்பவர்கள் அல்லர். ஆனால் தண்ணீர் முதலில் ஏறுவது அங்கே வாழ்வோரின் வீட்டில்தான்.

எண்ணூர் கற்றுத்தரும் பாடம்

கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. பூண்டி ஏரியின் உபரிநீர் கடலை அடையும் வழியும் இதுவே. அலையாத்திக் காடும் உப்பளமும் சேற்றுத்திட்டும் கொண்ட இந்தக் கழிமுகம், வெள்ளம் வந்தால் ஏந்திக்கொள்ளும். கடல் பொங்கினால் அதன் வேகத்தைத் தணிக்கும். இறாலும் நண்டும் மடவையும் வளரும் இடம் இது. வலையும் படகும் வாங்க வழியில்லாத ஏழைகள்கூட, கைகளால் சேற்றைத் தடவி இறால் பிடித்து வயிறு வளர்த்த இடம்.

இதைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல் குளம், 2001இல் இயங்கத் தொடங்கிய காமராசர் துறைமுகம், பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகம், எண்ணெய் எரிவாயுக் கிடங்குகள் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெருந்திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு நம் நாட்டில் திட்டம் திட்டமாகவே செய்யப்படுகிறது. சாம்பல் கலப்பது ஓர் அறிக்கையில் இருக்கும். சுடுநீர் கலப்பது மற்றொன்றில் இருக்கும். கப்பல் எண்ணெய் மூன்றாவதில் இருக்கும். இவை யாவும் ஒரே நீரில் ஒன்றுசேர்வதை முழுமையாகக் கணக்கிடும் பொறுப்பு எவர் கையிலும் இல்லை.

விளைவைக் கண்ணாரக் கண்டோம். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையொதுங்கிய பிசினை மனிதர்கள் வாளிகளால் அள்ளியதை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து கழிமுகத்தில் பரவியது. வீட்டுச் சுவர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் கரிய படலம் ஒட்டியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினர். இவற்றை விதி என்று சொல்லிக் கடந்துவிட நமக்கு அனுமதியில்லை. கரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவது மனிதரின் கைகள் தேடிக்கொண்டவற்றால்தான் என்று அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடத்தில், கழிமுகத்தின் 6,469 ஏக்கர் கட்டுமானத்திற்கு இடமில்லாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெறப்பட்டு 2017இல் பேசுபொருளான மற்றொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகமே காணப்படவில்லை. நிலத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. தாளில் மட்டும் வற்றிவிட்டது. திட்டமிடலில் ஒரு கோட்டுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஹரீமும் ஹிமாவும்

மத்ரஸாவில் ஃபிக்ஹ் பாடத்தில் தரிசு நிலத்தை உயிர்ப்பிக்கும் சட்டங்களை நாம் கற்பிக்கிறோம். அங்கே ‘ஹரீம்’ என்றொரு சொல் வரும். கிணறு, ஊற்று, ஆறு, பாதை ஆகியவற்றைச் சுற்றி எவரும் உரிமை கோர முடியாத பாதுகாப்பு எல்லை அது. கிணறு தோண்டியவருக்கு அதனைச் சுற்றி நாற்பது முழம், கால்நடைகள் தங்குவதற்காக உண்டு என்று இப்னு மாஜாவில் வரும் நபிமொழி கூறுகிறது. ஒற்றைக் கிணற்றுக்கே எல்லை வகுத்த மார்க்கம், ஒரு நகரின் வெள்ளத்தைச் சுமக்கும் ஆற்றை எல்லையின்றி விடச் சொல்லுமா?

‘ஹிமா’ என்பது பொதுநலனுக்காகக் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் காவலருக்கு இட்ட கட்டளை புகாரீயில் பதிவாகியுள்ளது. சில ஆடுகளே உடைய ஏழைகளை உள்ளே விடும்படியும், இப்னு அவ்ஃப், இப்னு அஃப்ஃபான் போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தவிர்க்கும்படியும் அவர்கள் பணித்தார்கள். சொர்க்கத்தின் நற்செய்தி பெற்ற அந்த நபித்தோழர்கள் மீது உமர் (ரலி) அவர்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. மந்தை அழிந்தால் அவர்கள் தம் பேரீச்சந்தோட்டங்களுக்குத் திரும்ப முடியும்; ஏழைக்கோ திரும்புவதற்கு வேறு இடமில்லை. இதுவே அக்கட்டளையின் காரணம்.

நம் தமிழ்ச் சமூகத்திலும் இதற்கு இணையான சொல் உண்டு: புறம்போக்கு. வரிக்கணக்கிற்குப் புறம்பாக, ஊரார் அனைவரின் பயனுக்காக விடப்பட்ட நிலம் அது. அச்சொல் இன்று வசைச்சொல்லாகிவிட்டது. அந்த நிலத்தின் கதியும் அதுவே.

பிழைப்பு என்ற கேள்வி

துறைமுகம் இல்லாவிட்டால் வேலை ஏது, வணிகம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. மண்ணடியிலும் ராயபுரத்திலும் நம்மவர் பலரின் வாழ்வாதாரம் துறைமுகத்தோடு பிணைந்தது. கடல் வணிகத்தால் சிறந்த மரைக்காயர்களின் வழித்தோன்றல்கள் நாம். கப்பல் கடலில் செல்வதை அருட்கொடையாக எண்ணிப் பார்க்கச் சொல்வது நம் வேதம். எனவே துறைமுகம் வேண்டாம் என்பது நம் வாதமன்று. ஆனால் நன்மையை ஈட்டுவதைவிடத் தீங்கை விலக்குவது முந்தியது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. முதலீட்டுக்கு வேறு கரை கிடைக்கலாம். கழிமுகத்தையே நம்பிய மீனவருக்குத் திரும்பிச் செல்லத் தோட்டம் ஏதுமில்லை.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, 1996 வரைபடத்தின் கழிமுக எல்லை முழுமைத் திட்டத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடத்திலேயே இடம்பெற்று, களத்தில் எல்லைக்கற்கள் நடப்பட வேண்டும். இரண்டாவது, எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளிப் பகுதியின் காற்றும் நீரும் இனி எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று ஒட்டுமொத்தமாக மதிப்பிடாமல் புதிய ஆலைக்கோ விரிவாக்கத்திற்கோ இடம் ஒதுக்கக் கூடாது. மூன்றாவது, கடலுக்குள் சுவர் எழுப்புவோரே வடகரையின் மணலிழப்பை ஈடுசெய்யும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நான்காவது, அறிக்கைகள் முழுமையாகத் தமிழில் தரப்பட்டு, மீனவர் சொல்வது தீர்மானத்திற்கு முன்பே கேட்கப்பட வேண்டும்.

வரைவுத் திட்டம் வெளியாகும்போது ஆட்சேபனையும் ஆலோசனையும் தெரிவிக்கும் உரிமையைச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் வழங்கியுள்ளது. நம் ஜமாஅத்துகள் ஒரு குழு அமைத்து அந்த வரைவைப் படிக்கட்டும். சட்டமும் பொறியியலும் பயின்ற நம் இளைஞர்களும் இளம்பெண்களும் எளிய தமிழில் குறிப்பெழுதட்டும். இமாம்கள் ஒரு ஜும்ஆ உரையை இதற்கென ஒதுக்கட்டும். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்காதீர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், அந்த ஆறு ஓடுவதற்கு இடம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம்.

பூமியில் தன் பிரதிநிதியாக மனிதனை ஆக்கிய வல்ல அல்லாஹ், இந்த அமானிதத்தைப் பேணிக் காக்கும் அறிவையும், அதற்காகக் குரல் கொடுக்கும் துணிவையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.