ஓமோன் மீது பழி போடலாமா?

இளைஞர் அபாயத்தை நாடினால், "எல்லாம் ஓமோன் செய்யும் வேலை" என்று கையை விரிப்போர் பலர். இஃது அரையுண்மை. பருவமாற்றத்தில் ஓமோன்கள் பெருகி, வெகுமதி நாடும் மூளைப்பகுதியைத் தூண்டுவதும், அதனைக் கட்டுப்படுத்தும் முன்மடல் இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டிருப்பதும் மெய்யே. ஆயின், அமெரிக்க உளவியலாளர் கார்ட்னரும் ஸ்ரைன்பேர்க்கும் 2005இல் வெளியிட்ட காரோட்ட விளையாட்டுச் சோதனை காட்டுவது யாது? தனித்து ஆடிய இளைஞர் துணிச்சலில் முதிர்ந்தோரைப் பெரிதும் விஞ்சவில்லை. நண்பர் சூழ ஆடியோரே விஞ்சினர். முதிர்ந்தோரை நண்பர் துணை மாற்றவில்லை. பருவம் ஒன்றே; வேறுபட்டது சூழல்.

ஓமோனைச் சட்டத்தால் அடக்கவியலாது; சூழலைத் திருத்தவியலும். நியூசிலாந்து 1987இல், புதிய இளஞ்சாரதிகள் தொடக்க காலத்தில் மேற்பார்வையாளரின்றிப் பயணிகளை ஏற்றுவதைத் தடைசெய்தமை அதற்குச் சான்று. மாற்றத்தக்கதை மாற்றாது உடலைப் பழிப்பது விஞ்ஞானமன்று, பொறுப்பைத் தட்டிக்கழித்தலே. அதற்கு விலையாவதோ இளைஞரின் உயிர்.