உறங்கும் பெரியவனும் உறங்காத சிறியவனும்



சென்ற தவணையில் ஒருநாள் விஞ்ஞான ஆசிரியர் லீவில் இருந்ததால், எட்டாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளுமாறு அதிபர் என்னை அனுப்பினார். அன்றைய பாடம் எரிமலைகள். பிள்ளைகளின் ஆர்வத்தைத் தூண்டலாம் என்றெண்ணி, செவ்வாய்க் கிரகத்திலுள்ள ஒலிம்பஸ் மலையைப் பற்றிச் சொன்னேன். சூரியக் குடும்பத்திலேயே மிக உயரமான எரிமலை அது. கரும்பலகையில் கூம்பு போல ஒரு மலையை வரைந்து, உச்சியில் தீயையும் புகையையும் வைத்தேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சேர், மலை அவ்வளவு பெரியதென்றால் அது வெடிப்பதும் அவ்வளவு பயங்கரமாக இருக்குமா?"

"ஆம், அதிலென்ன சந்தேகம்!" என்றேன். மணியும் அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பின்னர்தான் அந்த "ஆம்" பிழை என்று தெரிந்தது. நான் வரைந்த படமும் பிழை.

எரிமலை எப்படிப் பொங்குகிறது? நிலத்தின் அடியில் உருகிய பாறைக் குழம்பு, சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது. ஆகவே அது மேலே ஏறுகிறது. அதனுள் வாயுக்கள் கரைந்திருக்கின்றன. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்ததும் நுரை பொங்குவதைப் போல, மேலே வர வர அமுக்கம் குறைந்து அவ்வாயுக்கள் குமிழிகளாகப் பிரிகின்றன. குழம்பு தடிப்பாக இருந்தால் வாயு அடைபட்டுக் கிடந்து வெடிக்கும். பாணி போல இளகியிருந்தால் வாயு இலகுவில் வெளியேறிவிடும். குழம்பு வழிந்து வெகுதூரம் பரவும்.

ஒலிம்பஸ் இந்த இரண்டாவது வகை. 1971ஆம் ஆண்டு மரினர் 9 விண்கலம் செவ்வாயை அடைந்தபோது அக்கிரகம் முழுவதையும் புழுதிப் புயல் மூடியிருந்தது. அந்தப் புழுதிக்கு மேலே நான்கு கரும்புள்ளிகள் மாத்திரம் தெரிந்தன. புழுதி அடங்கிய பின்னர் அவை நான்கும் பிரமாண்டமான எரிமலைகளின் உச்சிகள் எனத் தெரியவந்தது. அவற்றுள் ஒலிம்பஸ் சுமார் 22 கிலோ மீற்றர் உயரமுடையது. எவரெஸ்டைப் போல இரண்டரை மடங்கு! அதன் அகலம் சுமார் 600 கிலோ மீற்றர். நமது இலங்கையை நீளவாக்கில் அதன்மேல் வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆயினும் அதன் சரிவு ஏறக்குறைய 5 பாகைதான். அதன்மேல் நிற்பவருக்குத் தாம் மலையில் நிற்கிறோம் என்பதே தெரியாது.

இத்தனை பெரிதாக அது வளர்ந்தது எப்படி? ஹவாய்த் தீவுகளில் நில ஓடு ஆண்டுக்குச் சில சென்ரி மீற்றர் வீதம் நகர்கிறது. ஆதலால் அடியிலுள்ள வெப்பம் ஒரே மலையை வளர்க்காமல், வரிசையாகப் பல தீவுகளை உண்டாக்கியது. செவ்வாயில் ஓடு அவ்வாறு நகர்வதில்லை. ஒரே இடத்தில், ஒரு படைக்கு மேல் இன்னொரு படையாகக் குழம்பு வழிந்து உறைந்தது. அங்கு ஈர்ப்பும் பூமியில் உள்ளதில் 38 வீதமே என்பதால் மலை தன் பாரத்தைத் தாங்கி நின்றது. அதை அத்தனை உயரத்துக்குக் கொண்டுவந்தது சீற்றமல்ல, நெடுங்காலப் பொறுமை. ஆனால் செவ்வாய் சிறிய கிரகம். அதன் உள்வெப்பம் பெரும்பாலும் தணிந்துவிட்டது. அங்கு ஓர் எரிமலை பொங்குவதை எந்த விண்கலமும் இதுவரை கண்டதில்லை.

வெள்ளிக் கிரகத்தின் கதை வேறு. அங்கு வளியின் அமுக்கம் பூமியைப்போல் சுமார் 90 மடங்கு. இறுக்கி மூடிய போத்தலில் நுரை எழாததைப் போல, அந்த அமுக்கம் வாயுக் குமிழிகளை அடக்கிவிடும். ஆகவே அங்கே வெடிப்பதைவிட வழிவதே இயல்பு. 1991இல் மகெலன் விண்கலம் எடுத்த ராடார்ப் படங்களை அறிஞர்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 'மாத்' என்னும் எரிமலைப் பக்கத்தில் ஒரு வாய், எட்டே மாதங்களில் ஏறத்தாழ இரு மடங்காக விரிந்திருந்தது. 2023இல்தான் இதை உலகுக்கு அறிவித்தார்கள். படங்கள் அத்தனை காலமும் இருந்தன. ஊன்றிப் பார்த்த கண்கள்தாம் இருக்கவில்லை.

அப்படியானால் உண்மையில் சீறுவது எது? வியாழனைச் சுற்றும் 'அயோ' என்ற சந்திரன். (இப்பெயரைச் சொன்னதும் மறுநாள் வகுப்பே சிரித்தது.) நமது சந்திரனைவிடச் சற்றே பெரியது. இத்தனை சிறிய கோளம் எப்போதோ குளிர்ந்து இறந்திருக்கும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1979 மார்ச் 9ஆம் திகதி, வொயேஜர் 1 விண்கலத்தின் பாதையைக் கணித்துக்கொண்டிருந்த லிண்டா மொராபிட்டோ என்ற இளம் பெண் பொறியியலாளர், மங்கலான ஒரு நட்சத்திரத்தைத் தேடிப் படமொன்றின் வெளிச்சத்தைக் கூட்டினார். அயோவின் ஓரத்தில் பிறை போன்ற ஒரு மேகம் தெரிந்தது. படத்தில் ஏதோ கோளாறு என்று அவர் தள்ளிவிடவில்லை. மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கினார். பூமிக்கு அப்பால் மனிதர் கண்ட முதலாவது எரிமலைப் பொங்கல் அதுவே. ஏறத்தாழ 300 கிலோ மீற்றர் உயரத்துக்கு அது எழுந்திருந்தது!

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், பீல் முதலிய மூன்று அறிஞர்கள் அயோவின் உட்புறம் உருகியிருக்கலாம் எனக் கணித்து எழுதியிருந்தனர். காரணம் இதுதான்: அயோ 42 மணித்தியாலங்களில் வியாழனைச் சுற்றுகிறது. பக்கத்துச் சந்திரன்களான யுரோப்பாவும் கனிமீடும் இழுப்பதால் அதன் பாதை சரியான வட்டமாக அமைவதில்லை. ஆகவே வியாழனின் பிடி ஒருகால் இறுகுகிறது, ஒருகால் தளர்கிறது. நம் கரையில் கடல் ஒரு மீற்றரும் ஏறி இறங்குவதில்லை. அயோவிலோ கல் நிலமே 100 மீற்றர் வரை ஏறி இறங்குகிறது. கம்பியொன்றை மாறி மாறி வளைத்தால் அது சுடுமல்லவா? அவ்வாறே அயோவின் உட்புறம் சூடேறி உருகுகிறது. காற்றின் அமுக்கம் அங்கு இல்லையென்றே சொல்லலாம், ஈர்ப்பும் குறைவு. எனவே வாயு தடையின்றி விரிந்து குடை போல எழுகிறது. அங்கு 400க்கு மேற்பட்ட எரிமலைகள் கனன்றுகொண்டிருக்கின்றன. அவற்றுள் அநேகமானவை உயர்ந்த மலைகளே அல்ல, அகன்ற பள்ளங்கள்!

மறுநாள் அதே வகுப்புக்குப் போனேன். கூம்பை அழித்துவிட்டு, கவிழ்த்து வைத்த தட்டைப் போல ஒரு மலையை வரைந்தேன். "மகள், நேற்று நான் சொன்னது பிழை" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் மீண்டும் எழுந்தாள்.

"சேர், அப்படியானால் நமது சந்திரன் ஏன் பொங்குவதில்லை?"

"நாளைக்குப் பார்த்து வந்து சொல்கிறேன்" என்றேன்.

பார்த்தேன். வியாழனிலிருந்து அயோ இருக்கும் தூரமும், பூமியிலிருந்து நமது சந்திரன் இருக்கும் தூரமும் பெரிதாக வேறுபடவில்லை: அங்கே சுமார் 4 இலட்சத்து 22 ஆயிரம் கிலோ மீற்றர், இங்கே சுமார் 3 இலட்சத்து 84 ஆயிரம். ஆனால் வியாழனின் திணிவு பூமியினதைப்போல் 318 மடங்கு. நமது சந்திரனை அந்த அளவுக்குப் பிசைய நமது பூமிக்குப் பலமில்லை.

இந்தப் பதிலுடன்தான் நாளை வகுப்புக்குப் போகிறேன். இன்னொரு கேள்வி காத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.